ஏரிக்கரை ஆரூடம்

ஏரி என்றால் நமக்கு ஒரு கரை, ஒரு மதகு, கரைமேல் நாலு பனைமரம். கோடையில் வற்றிவிட்டால் நடுவிலே மாடு மேயும். வட அமெரிக்காவில் ஐக்கிய நாடுகளுக்கும் கானடாவுக்கும் இடையே கிடக்கும் ஐந்து நீர்ப்பரப்புகளையும் பூகோளப் புத்தகம் இதே சொல்லால்தான் அழைக்கிறது. சொல்லை நம்பினால் ஏமாந்து போவோம். சுபீரியர் என்னும் ஒரே ஏரியின் பரப்பு சுமார் 31,700 சதுர மைல். இலங்கைத் தீவை அப்படியே தூக்கி அதில் வைத்தால் சுற்றிலும் இன்னும் தண்ணீர் மிஞ்சும். மிச்சிகன், ஹ்யூரன், ஈரி, ஒண்டாரியோ என்ற மற்ற நான்கையும் கூட்டிப் பார்த்தால் தமிழ்நாட்டைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு ஆகிவிடும். (ஈரி என்ற பெயர் நம்முடைய ஏரியோடு ஒலி ஒத்திருப்பது தற்செயல்தான். சொல்லாராய்ச்சிக்காரர்கள் பரபரப்படைய வேண்டாம்.) தண்ணீர் உப்புக் கரிக்காது என்ற ஒன்றைத் தவிர, கடலுக்குரிய சகல கோபதாபங்களும் இவற்றுக்கு உண்டு.

அந்தக் கோபம் உச்சத்துக்கு வரும் மாதம் நவம்பர். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் சந்திக்கிற அதே சமயம். டிசம்பர் பிறந்துவிட்டால் துறைமுகங்களில் பனிக்கட்டி பிடிக்க ஆரம்பிக்கும். பிறகு வசந்த காலம் வரை கப்பல் போக்குவரத்து முடங்கிவிடும். ஆகையால் இரும்புத் தாதையும் கோதுமையையும் ஏற்றிக்கொண்டு கடைசியாக ஒரு நடை, அதற்கும் கடைசியாக இன்னொரு நடை என்று கப்பல்கள் பறக்கும் காலம் அது. கூலியும் அப்போது அதிகம். கரையில் வசிப்பவர்களுக்கோ வேறு கவலை. எத்தனை வண்டி விறகு அடுக்குவது, மாட்டுக்கு எவ்வளவு வைக்கோல், உருளைக்கிழங்கு எத்தனை மூட்டை? எனவே, ‘இந்தக் குளிர்காலம் எப்படியிருக்கும்?’ என்ற கேள்வி அங்கே பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. வயிற்றையும் உயிரையும் பற்றிய கேள்வி.

இப்படிப்பட்ட கேள்வி இருந்தால் பதில் சொல்ல ஆள் கிடைக்காமல் போவதில்லை. உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த ஒரு கம்பளிப்பூச்சி. அதன் நடுவே செம்பழுப்புப் பட்டை அகலமாக இருந்தால் குளிர் மிதம், குறுகி இருந்தால் கடுமை என்பார்கள். வாத்தைச் சமைத்துச் சாப்பிட்ட பிறகு அதன் மார்பெலும்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறுத்திருந்தால் கஷ்டகாலம் என்பார்கள். 1792-ல் ராபர்ட் தாமஸ் என்பவர் தொடங்கிய குடியானவர் பஞ்சாங்கம் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அவர் வகுத்த கணக்கு ரகசியமாக ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறதாம். இந்த வருஷம் மழை இத்தனை மரக்கால் என்று நம் பஞ்சாங்கத்தில் படித்துத் தலையாட்டுகிற நமக்கு இதையெல்லாம் பார்த்துச் சிரிக்க உரிமை கிடையாது.

ஆனால் கப்பல் காப்டனுக்கு மரக்கால் கணக்கு போதாது. குளிர்காலம் பொதுவாகக் கடுமையா, மிதமா என்பதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? நாளை மறுநாள் ஹ்யூரன் ஏரியில் காற்று எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் வீசும் என்பதல்லவா அவனுக்கு வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும் என்று பிடிவாதமாக நம்பிய மனுஷர் ஒருவர் மில்வாக்கி நகரில் இருந்தார். அவருடைய பெயர் இன்கிரீஸ் ஆலன் லாப்பம்.

இன்கிரீஸ் என்றால் பெருகுதல். லாப்பம் என்பதை வேகமாகச் சொன்னால் லாபம். வட்டிக்கடைக்காரருக்கு வைத்திருக்க வேண்டிய பெயர்! வாய்த்ததோ செடியும் கொடியும் கிளிஞ்சலும் சேகரித்துத் திரிந்த ஒருவருக்கு. 1811-ல் நியூயார்க் ராஜ்யத்தில் குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பையனாக இருக்கும்போதே ஈரிக் கால்வாயின் மதகுகளுக்குக் கல் உடைத்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். கண்ணால் பார்த்துத் தானே கற்றுக்கொண்டது மிகுதி. 1836-ல் மில்வாக்கிக்கு வந்தார். மிச்சிகன் ஏரிக்கரையில் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த ஊர் அது. அங்கே ஏரித் தண்ணீர் ஏறி இறங்குவதை அளந்தார், வெப்பத்தைக் குறித்தார், பாரமானியைப் பார்த்து எழுதி வைத்தார். பழங்குடி மக்கள் பறவை, மிருக வடிவங்களில் எழுப்பிய மண்மேடுகளை அளந்து 1855-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1867-ல் விஸ்கான்சின் காடுகளைக் கண்மூடித்தனமாக வெட்டுவதால் வரும் கேடுகளைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். எச்சரிக்கை செய்வதே அவருக்கு ஒரு தொழிலாகிவிட்டது என்று தோன்றுகிறது.

புயலைப் பற்றி அவர் சொன்ன விஷயம் மிகவும் எளிது. அந்த நாட்டில் புயல்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கின்றன. புயல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் தந்தி அதைவிட வேகமாக ஓடும். அப்படியானால், மேற்கே உள்ள ஊரில் காற்று கிளம்பியதும் ஒருவன் தந்தி அடித்தால், கிழக்கே ஏரிக்கரையில் இருப்பவன் கப்பலைத் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டுவிடலாம் அல்லவா? இது லாப்பம் ஒருவருக்கு மட்டும் தோன்றிய யோசனை அல்ல. வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தின் தலைவர் ஜோசப் ஹென்றி 1850-களிலேயே தந்தியில் வந்த வானிலைச் சேதிகளைத் தினந்தோறும் ஒரு படத்தில் குறித்து ஜனங்கள் பார்க்க வைத்திருந்தார். உள்நாட்டு யுத்தம் வந்து அந்த ஏற்பாட்டைக் குலைத்துவிட்டது.

யோசனை நன்றாக இருந்தால் மட்டும் அரசாங்கம் அசையுமா? லாப்பம் கணக்கைக் கையில் எடுத்தார். 1868-ஆம் வருஷத்தில் பெரிய ஏரிகளில் 1,164 கப்பல் விபத்துகள். போன உயிர் 321. 1869-ல் 1,914 விபத்துகள். போன உயிர் 209. அந்த வருஷம் டிசம்பரில் இந்தப் பட்டியலைத் தம் ஊர் காங்கிரஸ் பிரதிநிதி ஹால்பர்ட் பெயினுக்கு அனுப்பி, இதைத் தடுப்பது தேசத்தின் கடமையல்லவா என்று கேட்டார்.

பெயின் யுத்தத்தில் ஒரு காலை இழந்த தளபதி. அது மட்டுமல்ல, புயல்களை ஆராய்ந்து பேர் வாங்கிய பேராசிரியர் ஈலியாஸ் லூமிஸிடம் கல்லூரியில் படித்தவர். ஆகவே மற்றப் பிரதிநிதிகளைப் போல் கடிதத்தை மேஜை அறையில் போட்டு மூடிவிடவில்லை. தீர்மானம் கொண்டுவந்தார். 1870 பிப்ரவரி 9-ஆம் தேதி ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட்டார். வேலை யாருக்குப் போயிற்று தெரியுமா? சைனியத்துக்கு! யுத்தம் முடிந்து கொடியசைத்துச் சேதி சொல்லும் பகுதிக்கு வேலை குறைந்திருந்த சமயம். அதன் தலைவர் ஆல்பர்ட் மையர் பெயினைத் தேடி வந்து, இந்தப் பொறுப்பைத் தம்மிடமே தரவேண்டும் என்று துடித்தாராம். அது நல்லதாகவே முடிந்தது. நேரம் தவறாமல் பார்ப்பதும், பார்த்ததை அப்படியே எழுதுவதும் சிப்பாய்களுக்குப் பழகிய காரியம். அந்த வருஷம் நவம்பர் முதல் தேதி காலை 7 மணி 35 நிமிஷத்துக்கு, இருபத்துநான்கு நிலையங்களில் சிப்பாய்கள் ஒரே சமயத்தில் பாரமானியைப் பார்த்துத் தந்தி அடித்தார்கள்.

ஒரு வாரம் கழிந்தது. நவம்பர் 8. சிக்காகோவில் மையரின் உதவியாளராக அன்றுதான் நியமனம் பெற்றிருந்தார் லாப்பம். வயது ஐம்பத்தொன்பது. மேற்கே ஷையேன், ஒமாஹா ஊர்களில் முதல் நாள் முழுதும் பலத்த காற்று என்று தந்தி சொல்லிற்று. சிக்காகோவில் பாரமானி இறங்கிக்கொண்டிருந்தது. டிட்ராயிட், கிளீவ்லாந்து, பஃபலோ என்று கிழக்கு நோக்கி வரிசையாக எல்லா இடத்திலும் அதே கதை. ஏரிகள் நெடுகிலும் பலத்த காற்று வீசக்கூடும் என்று அவர் கரையோர நிலையங்களுக்குச் சேதி அனுப்பினார். ஐக்கிய நாடுகளின் அரசாங்கம் வெளியிட்ட முதல் புயல் எச்சரிக்கை அதுதான்.

‘கூடும்’ என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கெல்லாம் இந்த வேலைக்கு வந்து சேர்ந்த கிளீவ்லாந்து ஆபி என்ற வானநூல் நிபுணர், தாம் தினம் வெளியிடும் அறிக்கைக்கு ‘சாத்தியங்கள்’ என்றே பெயர் வைத்தார். ஜனங்கள் அவரைச் ‘சாத்தியக் கிழவர்’ என்று செல்லமாக அழைத்தார்கள். அவருக்கு வயது முப்பத்திரண்டுதான் என்பது அவர்களுக்குத் தெரியாது போலும்! நிச்சயம் என்று சொல்லாமல், இப்படி நடக்கலாம் என்று சொல்லும் அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அதிலேதான் ஆபத்தும் ஒளிந்திருந்தது. ‘நடக்கலாம்’ என்று கேட்டவுடன் நம்மில் பாதிப் பேருக்கு ‘நடக்காமலும் போகலாம்’ என்றுதான் காதில் விழுகிறது.

லாப்பம் 1875 செப்டம்பரில் காலமானார். சிற்றேரிகளில் மீன் வளர்ப்பதைப் பற்றி ஒரு கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, ஒகோனமோவாக் ஏரியில் தனியாகப் படகு விட்டுக்கொண்டு போனார். மாரடைப்பு. படகிலேயே உயிர் பிரிந்தது.

அவர் தொடங்கி வைத்த ஏற்பாடு வளர்ந்தது. 1871 முதல் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கொடி ஏற்றினார்கள். நம் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுவதில்லையா, அந்த மாதிரிதான். சிவப்புச் சதுரத்தின் நடுவே கறுப்புச் சதுரம் இருந்தால் புயல். அதன் மேலே வெள்ளை முக்கோணக் கொடி இருந்தால் காற்று வடமேற்கிலிருந்து. இரவில் விளக்குகள். 1891-ல் இலாகா சைனியத்திடமிருந்து விவசாய இலாகாவுக்குக் கைமாறியது. கொடி மட்டும் மாறவில்லை.

1913 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை. சுபீரியர் ஏரித் துறைமுகங்களில் காலை பத்து மணிக்கு வெள்ளை முக்கோணமும் சிவப்புச் சதுரமும் ஏறின. காப்டன்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு அது புதிதல்ல. நவம்பரில் கொடி ஏறாத வாரம் ஏது? ஒவ்வொரு கொடிக்கும் நின்றுகொண்டிருந்தால் தாது எப்போது போய்ச் சேரும்? நிற்கத்தான் வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. கொடி சொல்வது புத்திமதி. போவதும் போகாததும் காப்டன் இஷ்டம். காப்டன் இஷ்டம் என்பதற்குப் பின்னால் முதலாளி இஷ்டம் நின்றது.

சனிக்கிழமை அதிகாலையில் ‘வால்டோ’ என்ற கப்பல் சுபீரியரில் பாறைமேல் மோதி உட்கார்ந்துவிட்டது. இருபத்துநான்கு பேர், அவர்களில் இரண்டு பெண்கள். முன்பகுதியில் எல்லோரும் ஒண்டிக்கொண்டு, காப்டனுடைய குளியல் தொட்டியையே அடுப்பாக்கி, தீயணைப்பு வாளிகளை அடி பெயர்த்துப் புகைபோக்கியாக அடுக்கி, மேஜை நாற்காலிகளை உடைத்து எரித்துக் குளிர் காய்ந்தார்கள். ஏறக்குறைய நான்கு நாள் கழித்து உயிர்காப்புப் படகுக்காரர்கள் பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு வந்து அத்தனை பேரையும் மீட்டார்கள். அந்தப் புயலில் நடந்த நல்ல காரியங்களில் இது முக்கியமானது.

ஹ்யூரன் ஏரியில் வேறு விதமான சூழ்ச்சி நடந்தது. சனிக்கிழமை காற்று கொஞ்சம் ஓய்ந்தது. ஞாயிறு காலையில் பார்த்தால், புயல் வந்தது, அடித்தது, போயிற்று என்று யாருமே நினைப்பார்கள். தெற்கேயிருந்தும் வடக்கேயிருந்தும் கப்பல்கள் கிளம்பின. உண்மையில் நடந்தது என்ன? வடமேற்கிலிருந்து வந்த குளிர்க் காற்றோடு, தென்கிழக்கே வர்ஜீனியாப் பக்கத்திலிருந்து மேலேறி வந்த இன்னொரு காற்றழுத்த மண்டலம் சேர்ந்துகொண்டது. இரண்டு புயல்கள் கைகோத்தன. நாளைக்கு இரண்டு முறை மட்டும் பாரமானி பார்த்துப் படம் வரைந்த அந்தக் காலத்தில், இரண்டு படங்களுக்கு நடுவிலே உள்ள மணி நேரங்களில் இந்தக் கல்யாணம் நடந்துவிட்டது. குளிர்க் காற்றும் வெப்பக் காற்றும் மோதும் முகப்பைப் பற்றி நார்வே நாட்டு நிபுணர்கள் விளக்கியது முதல் உலக யுத்தத்துக்குப் பிறகுதான். பெரும்பாலான ஏரிக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி கிடையாது. துறைமுகத்தை விட்டுவிட்டால் பிறகு கொடியும் தெரியாது, சேதியும் எட்டாது.

மணிக்கு எழுபது மைல் காற்று. முப்பத்தைந்து அடி அலை. சாதாரணமாக இத்தகைய புயல் நாலைந்து மணி நேரத்தில் தணியும். இது பதினாறு மணி நேரம் அடித்தது. தளத்தில் விழுந்த தண்ணீர் அங்கேயே உறைந்து கப்பலின் பாரத்தை ஏற்றிற்று. ஹ்யூரனில் மட்டும் எட்டுக் கப்பல்கள் மூழ்கின. ஏரிகள் முழுவதிலுமாகப் பன்னிரண்டு. இறந்தவர்கள் இருநூற்றைம்பது பேர் வரை. அந்தப் பன்னிரண்டில் எதிலிருந்தும் ஓர் ஆள் கூடப் பிழைத்து வந்து கதை சொல்லவில்லை.

கதை சொல்ல ஆளில்லாத இடத்தில் புதிர்கள் முளைக்கும். திங்கட்கிழமை ஹ்யூரனின் தென்கோடியில் ஒரு பெரிய கப்பல் தலைகீழாக, அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. எந்தக் கப்பல்? ஐந்து நாள் வரை தெரியவில்லை. கரையில் மனைவிமார்கள் காத்திருந்தார்கள். அது தம் புருஷனுடைய கப்பலாக இருக்கக் கூடாதே என்று ஒவ்வொருத்தியும் வேண்டிக்கொண்டிருப்பாள். பிறகு ஒருவர் முழுகிப் போய்ப் பெயரைப் படித்துவிட்டு வந்தார். ‘சார்ல்ஸ் எஸ். பிரைஸ்’. ஐந்நூறு அடிக்கு மேல் நீளமுள்ள எஃகுக் கப்பல். அதன் உதவி இஞ்சினீயர் ஒருவர், மனசுக்கு ஏதோ சரியில்லை என்று அந்தப் பிரயாணத்துக்கு முன்பே வேலையை விட்டு இறங்கிவிட்டிருந்தார். அவரைத்தான் கானடாக் கரையில் ஒதுங்கிய உடல்களை அடையாளம் காட்ட அழைத்துக்கொண்டு போனார்கள். தம்முடைய தலைமை இஞ்சினீயரை அவர் அடையாளம் காட்டினார். ஆனால் அந்த உடலின் மேல் கட்டியிருந்த மிதவையில் ‘ரெஜினா’ என்ற வேறொரு கப்பலின் பெயர் பொறித்திருந்தது! இரண்டு கப்பல்களும் இருளில் மோதிக்கொண்டனவா? ஒன்றுக்கு ஒன்று உதவப் போயிற்றா? 1986-ல் ரெஜினாவை ஏரியின் அடியில் கண்டுபிடித்தார்கள். அப்போதும் இந்த முடிச்சு அவிழவில்லை.

இன்னொரு காப்டனையும் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. ஜேம்ஸ் ஓவன் என்று பெயர், ‘ஹென்றி பி. ஸ்மித்’ கப்பலின் தலைவர். அந்தப் பருவம் முழுவதும் அவருடைய கப்பல் தாமதமாகவே போய்ச் சேர்ந்து வந்ததென்றும், அதனால் முதலாளிகளிடம் நல்ல பேர் இல்லையென்றும் ஊரிலே பேச்சு. ஞாயிறு மாலை மார்க்கெட் என்ற துறைமுகத்தில் தாது ஏற்றி முடிந்தது. மற்றக் கப்பல்கள் உள்ளே ஒதுங்கிக்கொண்டிருக்கும்போது இவர் வெளியே புறப்பட்டார். சரக்கறை மூடிகளை மாலுமிகள் இன்னும் மூடிக்கொண்டிருந்ததைக் கரையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கப்பலை மனிதக் கண் பார்த்தது 2013-ல். சரியாக நூறு வருஷம் கழித்து, சுபீரியரின் அடித்தரையில்.

புயல் ஓய்ந்ததும் சச்சரவு ஆரம்பித்தது. எச்சரிக்கை போதவில்லை என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். கொடி வெள்ளிக்கிழமையே ஏறிற்று என்றது வானிலை இலாகா. இரண்டு கட்சியும் சொன்னது உண்மைதான் என்பது என் அபிப்பிராயம். இலாகா புயல் வரும் என்றது. இப்படிப்பட்ட புயல் என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. கேட்டவர்களோ வழக்கமான நவம்பர்தானே என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வழக்கத்தை உண்டாக்கியது கூலிக் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் யாரும் ஞாயிற்றுக்கிழமை இரவு ஹ்யூரன் ஏரியில் இருக்கவில்லை.

அறுபத்திரண்டு வருஷம் கழித்து, அதே நவம்பர், அதே பத்தாம் தேதி, ‘எட்மண்ட் பிட்ஸ்ஜெரால்ட்’ சுபீரியரில் மூழ்கிற்று. 1975-ல் ரேடார் உண்டு, ரேடியோ உண்டு, பின்னாலேயே துணைக்கு வந்த இன்னொரு கப்பலும் உண்டு. முதல் நாள் மாலை ஏழு மணிக்குக் கடுங்காற்று எச்சரிக்கை வந்தது. விடிவதற்குள் அது புயல் எச்சரிக்கையாக உயர்ந்தது. காப்டன் அலட்சியம் செய்யவில்லை. அலைக்கு ஒதுங்கி வடகரையோரமாகவே வந்தார். துறைக்குப் பதினேழு மைல் இருக்கும்போது இருபத்தொன்பது பேரோடு மறைந்து போனார். மறுவருஷம் அதைப் பற்றி ஒரு பாட்டு வந்து பிரசித்தமாகிவிட்டதால், 1913-ஐ அறியாதவர்கள் கூட இதை அறிவார்கள்.

இவ்வளவும் கப்பலைப் பற்றியது. கரையில் இருப்பவனுக்கு ஏரி வைத்திருக்கும் விருந்து வேறு. அதற்கு வெண்பனி என்று பெயர். ‘பனி’ என்றால் நமக்கு மார்கழி விடியற்காலையில் புல்நுனியில் நிற்பது. அதையும் இதையும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டியிருப்பது நம் சீதோஷ்ணத்தின் அதிருஷ்டம். வட துருவத்துப் பக்கமிருந்து வறண்ட குளிர்காற்று இறங்கி வருகிறது. கோடை முழுதும் வெயில் குடித்த ஏரி இன்னும் சூடு ஆறவில்லை. ஏரி நீருக்கும், ஐயாயிரம் அடி உயரத்தில் உள்ள காற்றுக்கும் பதின்மூன்று டிகிரி சென்டிகிரேட் வித்தியாசம் இருந்தால் போதும். காற்று ஏரியின் ஆவியைக் குடித்துக் குடித்து, எதிர்க்கரை ஏறியதும் அத்தனையையும் வெண்பனியாகக் கொட்டிவிடும். ஈரி ஏரி நீளவாட்டில் கிடக்கிறது. அதன் கிழக்குக் கோடியில் பஃபலோ நகரம். தென்மேற்குக் காற்று அந்த நீளம் முழுவதும் தண்ணீர் மேல் ஓடி வந்து பஃபலோவின் தலையில்தான் மூட்டையை இறக்குகிறது. அதுவும் எப்படி? ஒரு நாடா மாதிரி, சில மைல் அகலத்தில். 2014 நவம்பரில் ஊருக்குத் தெற்கே ஐந்தடிக்கு மேல் பனி. சில மைல் வடக்கே தரை தெரிந்தது!

ஆகையால் ஏரி உறைந்துவிட்டால் பஃபலோக்காரர்களுக்கு நிம்மதி. மேலே பனிக்கட்டி மூடிவிட்டால் ஆவி ஏது, வெண்பனி ஏது? அனுபவத்தில் கண்ட விதி இது. விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிற விதி. 1976-ல் டிசம்பர் 14-ஆம் தேதியே ஈரி உறைந்துவிட்டது. கடுங்குளிர், ஆனாலும் இனி ஏரியின் தொல்லை இல்லை என்று எண்ண இடமிருந்தது.

உறைந்த ஏரி வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது. அதன்மேல் வாரக்கணக்காக விழுந்த வெண்பனி, உருகவும் இடமில்லாமல், இறுகவும் நேரமில்லாமல், ஆயிரக்கணக்கான சதுர மைலுக்கு மாவு கொட்டி வைத்தது போல் கிடந்தது. 1977 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி சுமாருக்குக் காற்று வந்தது. மணிக்கு அறுபத்தொன்பது மைல். அந்த மாவு முழுவதையும் வாரிக்கொண்டுவந்து நகரத்தின் மேல் போட்டது. வானத்திலிருந்து புதிதாக விழுந்த பனி நான்கு நாளிலும் ஏறக்குறைய ஓரடிதான்! வீதிகளில் குவிந்ததோ சில இடங்களில் முப்பதடி. இருபத்தொன்பது பேர் மாண்டார்கள். பலர் தங்கள் மோட்டார் வண்டிக்குள்ளேயே புதைந்து போனவர்கள். மிருகக்காட்சி சாலையில் பனி வேலிக்குச் சமமாகக் குவிந்துவிடவே மூன்று பனிமான்கள் அதன்மேல் சாவதானமாக நடந்து வெளியே போய்விட்டன. அந்த ஊரில் அன்று சௌகரியமாக இருந்த ஜீவன்கள் அவை மூன்றுதான் என்று நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு அக்டோபரிலும் அமெரிக்க வானிலை நிபுணர்கள் வரப்போகும் குளிர்காலத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிடுகிறார்கள். ஏரிப் பிரதேசத்தில் மழையும் பனியும் வழக்கத்துக்கு மேல் இருக்க இத்தனை சதவீதம், வழக்கம் போல் இருக்க இத்தனை, குறைய இத்தனை என்று. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே நீர் குளிர்ந்திருந்தால் ஏரிப் பிரதேசத்தில் ஈரம் கூடும், சூடேறியிருந்தால் குளிர் மிதப்படும் என்பது அவர்கள் கணக்கின் முக்கியமான ஆதாரம். கிளீவ்லாந்து ஆபியின் ‘சாத்தியங்கள்’ எண்களாக மாறி வந்திருக்கின்றன. அதில் உண்மை இல்லாமலில்லை. 2014-ல் ஐந்து ஏரிகளிலுமாக நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு வரை பனிக்கட்டி மூடிற்று. பசிபிக் சூடேறியிருந்த 2024-ல் பதினாறு பங்கு கூடத் தேறுவது கஷ்டமாயிற்று. ஆனால் மிதமான குளிர்காலத்தில் ஏரி திறந்து கிடக்கிறது. திறந்து கிடக்கும் ஏரியின் மேல் இரண்டு நாள் துருவக் காற்று வீசினால் போதும். வருஷம் முழுவதற்கும் சராசரியாகத் தொண்ணூற்றைந்து அங்குலம் காணும் ஊர்ப்பக்கத்தில் எண்பது அங்குலம் ஒரே மூச்சில் விழுந்துவிடும். 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் அப்படித்தான் விழுந்தது. சதவீதக் கணக்கில் அந்த இரண்டு நாள் எங்கே இருக்கிறது?

அந்த இரண்டு நாளைச் சொல்லும் வித்தையிலும் இப்போது குறைவில்லை. நவம்பர் பனி கரைந்து ஒரு மாதம் ஆவதற்குள், அதே 2022 டிசம்பரில், தலைமுறைக்கு ஒரு முறை வரும் புயல் என்று வானிலை நிலையத்தார் பல நாள் முன்னதாகவே சொன்னார்கள். நாளையும் சொன்னார்கள், இடத்தையும் சொன்னார்கள். லாப்பம் இருந்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார், அவ்வளவு துல்லியம். டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. காலையில் ஜனங்கள் வழக்கம் போல வேலைக்குக் கிளம்பினார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்ற உத்தரவு ஒன்பதரை மணிக்கு வந்தது. அதற்குள் புயல் ஊருக்குள் வந்துவிட்டது. பஃபலோவும் அதைச் சுற்றிய ஜில்லாவுமாக நாற்பத்தேழு பேர் இறந்தார்கள்: சிலர் வண்டியில், சிலர் வீதியில், சிலர் கணப்பு அணைந்துபோன வீட்டுக்குள்.